பள்ளி மன்றங்கள்: மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு மாணவர்கள் நடத்தும் மன்றங்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். விவாதம், சதுரங்கம், வானியல், பள்ளி இதழ், ரோபோ என்று எதுவானாலும் நடத்துவதில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அந்தந்த மன்றத்துக்கே உரிய சில விஷயங்கள் நடுவில் வருகின்றன.

மன்றம்னா என்ன? அதுவும் ஒரு வகுப்பு மாதிரிதானா?

இல்லை. வகுப்புக்குப் பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் உண்டு. மன்றத்துக்கு இரண்டும் கிடையாது. விருப்பம் உள்ளவர்கள் தாங்களாகச் சேர்ந்து, ஒரு பொறுப்பாசிரியரின் துணையோடு, வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கூடி ஒரு வேலையைச் செய்வதுதான் மன்றம். என்ன செய்வது என்பதை மாணவர்களே முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால், வாசலில் என்ன பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே நடப்பது இன்னொரு வகுப்புதான்.

எங்க ஸ்கூல்ல நான் தேடுற கிளப் இல்ல. நாங்களே ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். முதலில் ஐந்தாறு பேர் வேண்டும். "நல்லா இருக்குமே" என்று சொல்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த வாரம் இந்தக் கிழமை, இந்த நேரம் வருவேன் என்று சொல்பவர்களை மட்டும் எண்ணுங்கள். அதன்பிறகு ஓர் ஆசிரியரைப் பாருங்கள். அவர் அந்தத் துறையில் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. சொன்ன நாளில் பள்ளியில் இருப்பவராகவும், மாணவர்கள் தவறு செய்து கற்றுக்கொள்வதைப் பொறுத்துக்கொள்பவராகவும் இருந்தால் போதும்.

அடுத்தது தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மன்றத்தின் பெயர், என்ன செய்யப் போகிறோம், பொறுப்பாசிரியர் யார், எந்த நாள் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை, என்ன பொருள் தேவை, முதல் பருவத்தில் என்ன முடித்துக் காட்டுவோம் என்பவை போதும். அனுமதி தாமதமாவது பெரும்பாலும் அறையிலும் நேரத்திலும்தான். அந்த அறை அந்த நேரத்தில் காலியாக இருக்கிறதா, பூட்டிச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதை முன்பே விசாரித்துக் கடிதத்தில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் கூட்டத்துல என்ன பண்ணணும்? தலைவர் தேர்தலா?

வேண்டாம். முதல் கூட்டத்தில் தேர்தலும் நோக்கவுரையும் வைத்தால் வந்தவர்கள் கைகட்டி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் எல்லோர் கையிலும் ஒரு வேலை இருக்க வேண்டும். புகைப்பட மன்றம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே பொருளை மூன்று கோணத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அறிவியல் மன்றம் என்றால் ஒரு ஊசல் கட்டி, நூலின் நீளத்தை மாற்றினால் ஆட்டத்தின் நேரம் மாறுகிறதா, குண்டின் எடையை மாற்றினால் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீளம்தான் நேரத்தை மாற்றும், எடை மாற்றாது என்பதை அவர்களே கண்டுபிடித்தால் அடுத்த வாரமும் வருவார்கள்.

மொத்தம் 60 நிமிடம் என்றால் 40 நிமிடம் வேலை, 10 நிமிடம் அதைப் பற்றிப் பேச்சு, கடைசி 10 நிமிடம் அறையைச் சுத்தம் செய்வதும் அடுத்த கூட்டத்தை அறிவிப்பதும். பொறுப்பாளர் தேர்வை நான்காவது கூட்டத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். யார் உண்மையில் வேலை செய்கிறார்கள் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

எத்தனை பொறுப்பாளர்கள் வேணும்?

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவர் போதும். பணமே கையாளாத மன்றத்துக்கு இருவரே போதும். துணைத்தலைவர், இணைச்செயலாளர், ஒருங்கிணைப்பாளர், விளம்பரப் பொறுப்பாளர் என்று பதவிகளை அடுக்கினால், ஒரு வேலை நடக்காதபோது யாரைக் கேட்பது என்றே தெரியாது. விழா வந்தால் அந்த விழாவுக்கு மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். முடிந்ததும் பொறுப்பும் முடியட்டும்.

மினிட்ஸ் எழுதுறது கட்டாயமா? சும்மா பேசுறதுக்கெல்லாமா எழுதணும்?

பேசியதை எழுத வேண்டாம், முடிவை எழுதுங்கள். தேதி, வந்தவர்கள் பெயர், என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். ஐந்து வரியில் முடிந்துவிடும். அடுத்த கூட்டத்தை அந்த ஐந்து வரியை வாசித்துத் தொடங்குங்கள். "நான் செய்றேன்னு சொன்னது நீதானே" என்ற சண்டை மன்றங்களில் அடிக்கடி வருவது. குறிப்பேடு இருந்தால் அது எழாது.

முதல் வாரம் நாற்பது பேர் வந்தாங்க. அஞ்சாவது வாரம் ஒன்பது பேர். எங்க தப்பு?

இது எல்லா மன்றத்திலும் நடப்பது, பயப்பட வேண்டாம். புதுமை தீர்ந்ததும் ஒரு பகுதியினர் விலகத்தான் செய்வார்கள். ஆனால் நாற்பது ஒன்பதாவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் உண்டு. நாற்பது பேரும் உட்கார்ந்திருக்க நான்கு பேர் மட்டும் வேலை செய்தது ஒன்று. கூட்டம் ஒரு வாரம் நடந்து மறுவாரம் சொல்லாமல் நின்றது இன்னொன்று. எதை நோக்கிப் போகிறோம் என்று யாருக்கும் தெரியாதது மூன்றாவது.

முதலாவதற்கு, ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பதே வழி. ஒரு குழுவில் எட்டுப் பேர் ஆனாலே இருவர் வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார்கள். இரண்டாவதற்கு, மூன்று பேர்தான் வந்திருந்தாலும் கூட்டத்தை நடத்திவிடுங்கள். ரத்து செய்யும் பழக்கம் மன்றத்தைக் கொல்லும். மூன்றாவதுதான் முக்கியம். எட்டு முதல் பத்து வாரத்துக்குள் முடியும் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்: ஓர் இதழ், ஒரு சுவர்க் கண்காட்சி, ஒரு போட்டி, மற்ற வகுப்புகளுக்கு ஓர் இரவு வான்நோக்கல். முடிவில் கையில் ஒன்று மிஞ்சும் என்று தெரிந்தால் அந்த ஒன்பது பேர் நிற்பார்கள். ஒன்பது பேர் நிற்கும் மன்றம் நல்ல மன்றம்.

எனக்குக் கூட்டத்துல பேசவே வராது. நான் சேர்ந்து என்ன பண்றது?

பேசாமல் செய்ய வேண்டிய வேலை எல்லா மன்றத்திலும் இருக்கிறது. விவாதத்தில் நேரக்காப்பாளர், சதுரங்கத்தில் முடிவுகளைப் பதிபவர், நாடகத்தில் மேடைக்குப் பின்னால் பொருள்களை எடுத்துக் கொடுப்பவர், இதழில் பிழை திருத்துபவர். இவை ஆறுதல் பரிசாகத் தரப்படும் வேலைகள் இல்லை. நேரக்காப்பாளர் தூங்கினால் விவாதமே குழம்பும். தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அமைதியானவரைத் திடீரென எழுப்பி "நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்காதீர்கள். முந்தின வாரமே கேள்வியைச் சொல்லி, எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எழுதியதை வாசிப்பது பேசுவதற்கான முதல் படி.

டிபேட் கிளப்புல டைம் பத்தவே மாட்டேங்குது. எப்படி நடத்துறது?

பள்ளி மாணவர்களின் சர்வதேசப் போட்டிகளில் வழங்கும் உலகப் பள்ளிகள் விவாத முறையை அப்படியே எடுத்தால் பத்தாதுதான். அதில் அணிக்கு மூன்று பேச்சாளர்கள், ஒருவருக்கு 8 நிமிடம். கடைசியில் அணிக்கு ஒரு பதிலுரை, 4 நிமிடம். இரண்டு அணிக்கும் சேர்த்துப் பேச்சு மட்டுமே 56 நிமிடம். பயிற்சிக்கு எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்: பேச்சு 4, பதிலுரை 2 நிமிடம். 28 நிமிடத்தில் விவாதம் முடியும், கருத்துச் சொல்ல நேரம் மிஞ்சும். பதிலுரையை முதல் அல்லது இரண்டாம் பேச்சாளர்தான் தர வேண்டும், தலைப்பை எதிர்த்துப் பேசும் அணி முதலில் தர வேண்டும். முழு 8 நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் காப்பு நிமிடங்கள்; அப்போது மற்ற அணியினர் குறுக்குக் கேள்விக்கு எழக்கூடாது.

விவாதம் சலிப்பதற்குத் தலைப்பே காரணமாக இருப்பது அதிகம். "கல்வி அவசியம்" என்பதை யார் எதிர்ப்பார்? இரு பக்கமும் நியாயம் உள்ள, ஒரு செயலைச் சொல்லும் தலைப்பு வேண்டும்: "வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டும்" என்பது போல. நடுவர் கருத்துச் சொல்லும்போது எந்த இடத்தில் விவாதம் திரும்பியது என்று சொல்லட்டும். குரல், கைவீச்சு எல்லாம் அப்புறம்.

செஸ் போட்டி நடத்தணும். பதினாறு பேர். நாக்-அவுட் வெச்சா பாதிப் பேர் முதல் ரவுண்டுலயே வீட்டுக்குப் போயிடறாங்களே?

சுவிஸ் முறை வையுங்கள். யாரும் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி எடுத்தவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோதக்கூடாது. 16 பேருக்கு 4 சுற்று, 32 பேருக்கு 5 சுற்று போதும். ஆட்டத்தில் சமன் வந்தால் முதலிடத்துக்கு இருவர் வரலாம், அதற்கு ஒரு விதியை முன்பே அறிவித்துவிடுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை ஆனால், குறைந்த புள்ளியில் இருக்கும் ஒருவருக்கு அந்தச் சுற்றில் ஆடாமலே ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு முறை கொடுக்காதீர்கள். எல்லோரும் எல்லோருடனும் ஆடும் முறை 8 பேர் வரை சரி, 28 ஆட்டம். 16 பேருக்கு அதே முறை என்றால் 120 ஆட்டம், பருவமே போய்விடும்.

ஆளுக்கு 10 நிமிடக் கடிகாரம் என்றால் ஒரு சுற்று அதிகபட்சம் 20 நிமிடம். அடுத்த சுற்றுக்கு ஜோடி சேர்க்க 5 நிமிடம் வைத்தால் ஒரு கூட்டத்தில் இரண்டு சுற்று ஆடலாம். குழப்பம் வருவது ஆட்டத்தில் இல்லை, முடிவைப் பதிவதில்தான். தோற்றவரும் வென்றவரும் சேர்ந்து வந்து ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும் என்று வைத்துவிடுங்கள்.

வானியல் மன்றத்துல பௌர்ணமி அன்னைக்கு நிலா காட்டலாம்னு ஏற்பாடு பண்ணோம். எல்லாம் ஒரே வெள்ளையாத் தெரிஞ்சது. டெலஸ்கோப் கெட்டுப்போச்சா?

தொலைநோக்கி சரியாகத்தான் இருக்கிறது, நாள்தான் தப்பு. முழுநிலவில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, எனவே மேடு பள்ளம் தெரியாது. வளர்பிறையில் பாதி நிலா தெரியும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று மாலையிலேயே வானில் உயரத்தில் இருக்கும், நள்ளிரவு வாக்கில்தான் மறையும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டருகே பாருங்கள். பள்ளங்கள் செதுக்கினாற்போலத் தெரியும்.

மங்கலானவற்றைப் பார்க்க நிலவில்லாத இரவு வேண்டும், கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடமும் வேண்டும். ஒரே ஒரு கைப்பேசித் திரை எரிந்தால் அந்த அரைமணி நேரம் வீண். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். உருப்பெருக்கம் அறிய, தொலைநோக்கியின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும்: 1200 மி.மீ.யை 25 மி.மீ.யால் வகுத்தால் 48 மடங்கு. சனியின் வளையம் தெரிய அது போதும். பகல் நிகழ்ச்சியில் ஒன்றை மறக்கவே கூடாது: தகுந்த சூரிய வடிகட்டி முன்பக்கம் பொருத்தப்படாத தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பிப் பார்த்தால் கண் போய்விடும், ஒரு நொடி போதும்.

இதழ் அச்சுக்குப் போனப்போ "பக்கம் சரியா வரல, போட்டோ தெளிவில்ல"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்?

நடுவில் பின் அடிக்கும் இதழில் ஒரு தாளை மடித்தால் 4 பக்கம் வரும். ஆகவே மொத்தப் பக்கம் 4-இன் மடங்காக இருக்க வேண்டும்: 16, 20, 24. 18 பக்கம் வந்தால் இரண்டைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். படங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், 10 செ.மீ. அகலத்தில் அச்சாகும் படம் ஏறக்குறைய 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். எழுதியவரே பிழை திருத்தக் கூடாது, அவர் கண் தான் நினைத்ததையே படிக்கும். ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் தாளைப் பார்ப்பதுதான் நல்ல முறை. தலைப்புகளையும் பெயர்களையும் கடைசியாக ஒருமுறை தனியே பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள பிழைதான் எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பும்.

ரோபோ எங்க லேப்ல சூப்பரா ஓடுச்சு. போட்டியில கோட்டை விட்டு வெளியே போயிடுச்சு. என்ன காரணம்?

கோட்டைப் பின்தொடரும் ரோபோவில் முதல் சந்தேகம் வெளிச்சம். உணரிகள் தரையிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கின்றன; உங்கள் அறையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வைத்த எல்லை மதிப்பு, ஜன்னல் வெயில் விழும் கூடத்தில் பொருந்தாது. போட்டித் தளத்திலேயே கறுப்பிலும் வெள்ளையிலும் மறுபடி அளந்து எல்லையை மாற்ற வேண்டும். இரண்டாவது பேட்டரி. மின்னழுத்தம் இறங்கினால் மோட்டார் மெதுவாகும். "இத்தனை நொடி திரும்பு" என்று நேரத்தை நம்பி நிரல் எழுதியிருந்தால் ரோபோ பாதித் திருப்பத்திலேயே நின்றுவிடும். முழுச் சார்ஜில் ஒருமுறை, பாதிச் சார்ஜில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது, பயணத்தில் தளர்ந்த கம்பி.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பே நிரலை மாற்றுவதை நிறுத்துங்கள். முந்தின இரவு "சின்னதா ஒரு திருத்தம்" செய்து கெட்டவை ஏராளம். ஓடிய நிரலின் பிரதி தேதியோடு தனியாக இருக்கட்டும்.

மன்றப் பணத்தை யார் வெச்சுக்கணும்?

மாணவர் வீட்டில் இருக்கவே கூடாது. பள்ளி அலுவலகத்திலோ பொறுப்பாசிரியர் வழியாகப் பள்ளிக் கணக்கிலோ இருக்கட்டும். பொருளாளர் வேலை கணக்கு எழுதுவது: தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு என்று ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, ரசீதின் பின்னால் யார் எதற்கு வாங்கினார் என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து. மாதம் ஒருமுறை கூட்டத்தில் இருப்பை வாசியுங்கள். கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்பதை அனுமதிக்காதீர்கள். நட்பு கெடுவது அங்கேதான்.

என் மகன் நாலு கிளப்புல இருக்கான். படிப்பு கெடாதா?

நான்கு அதிகம். ஒன்றில் ஆழமாக, இன்னொன்றில் லேசாக என்பது பெரும்பாலான மாணவர்களுக்குத் தாங்கும். கூட்ட நேரத்தை மட்டும் எண்ணாதீர்கள். வாரம் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு வீட்டில் இன்னொரு மணி நேரமாவது வேலை இருக்கும், நிகழ்ச்சிக்கு முந்தின வாரத்தில் அதுவும் கூடும். ஒரு வாரம் எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அவரையே எழுதச் சொல்லிவிட்டு, எதை விடுவது என்று அவரே தீர்மானிக்கட்டும். தூக்கத்திலிருந்து நேரம் எடுக்கிறார் என்றால் உடனே குறைக்க வேண்டும்.

காலேஜ் விண்ணப்பத்துல போடறதுக்காகச் சேரலாமா?

சேரலாம், ஆனால் பெயர்ப்பட்டியல் உதவாது. ஏழு மன்றங்களின் உறுப்பினர் என்பதை விட, "இரண்டு ஆண்டு இதழை நடத்தி மூன்று இதழ் கொண்டுவந்தோம், நான் பக்க வடிவமைப்பைப் பார்த்தேன்" என்ற ஒரே வரி அதிகம் சொல்லும். நேர்காணலில் அடுத்த கேள்வி "அதில் என்ன சிக்கல் வந்தது?" என்பதாக இருக்கும். உண்மையில் வேலை செய்தவருக்கு அதற்குப் பதில் யோசிக்கவே வேண்டாம்.

பரீட்சை வந்தா மன்றம் நின்னுடுது. அப்புறம் திரும்ப ஆரம்பிக்கவே மாட்டேங்குது.

நிறுத்துவது சரிதான், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடலாம். கடைசிக் கூட்டத்திலேயே மறுபடி கூடும் தேதியை அறிவிக்காததுதான் பிழை. "பரீட்சை முடிஞ்சதும் பார்ப்போம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். தேதி, நேரம், அன்று செய்யப்போகும் வேலை மூன்றையும் எழுதி ஒட்டிவிட்டுப் போங்கள். அந்த முதல் நாள் வேலை தயாரிப்பே தேவைப்படாததாக இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குரூப் எப்பவும் சண்டையிலதான் முடியுது. வேணுமா, வேண்டாமா?

அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள். பொறுப்பாளர்கள் மட்டுமே செய்தி இடும்படி அமைத்து, பொறுப்பாசிரியரையும் சேருங்கள். முடிவுகளை அங்கே எடுக்காதீர்கள், கைப்பேசி இல்லாத மாணவர் விடுபட்டுப் போவார். அறிவிப்புப் பலகையிலும் அதே செய்தி இருக்க வேண்டும். மாணவர்களின் படங்களைப் பொதுவெளியில் போடும் முன் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. சம்மதிக்காதவரைக் குழுப்படத்திலிருந்து விலக்கி நிறுத்தாமல், முகம் தெரியாத கோணத்தில் எடுங்கள்.

பொறுப்பாசிரியரே எல்லாத்தையும் முடிவு பண்றாரு. சொன்னா கோவிச்சுப்பாரோன்னு பயமா இருக்கு.

பெரும்பாலும் அது அதிகார ஆசை அல்ல; கடைசி நேரத்தில் சொதப்பினால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்ற கவலை. அந்தக் கவலையைக் குறைத்தால் கை தானாகத் தளரும். ஒரு சிறிய நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுத்து, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்று எழுதி, "சார், இதை மட்டும் நாங்களே நடத்திப் பார்க்கிறோம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்களிடம் நிலவரம் சொல்கிறோம்" என்று கேளுங்கள். பிறகு சொன்னபடி வெள்ளிக்கிழமை போய் நில்லுங்கள், வேலை நடக்காத வாரத்திலும். பாதுகாப்பு, பணம், வெளியூர்ப் பயணம் ஆகிய மூன்றில் மட்டும் கடைசிச் சொல் ஆசிரியருடையதுதான். அதில் வாதம் வேண்டாம்.

கடைசி வருஷம் போறோம். அடுத்த செட்டு ஒண்ணும் தெரியாம நிக்குது. எப்படி ஒப்படைக்கிறது?

ஆண்டுக் கடைசியில் ஒரே நாளில் ஒப்படைக்க முடியாது. ஆண்டின் நடுவிலேயே ஒவ்வொரு பொறுப்பாளரும் கீழ் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி இரண்டு மாதம் அவர்கள் நடத்தட்டும், மூத்தவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முன்பு சொன்ன ஐந்து வரிக் குறிப்பேடும் ஐந்து கட்டக் கணக்கும் இருந்தால் ஒப்படைப்பில் பாதி ஏற்கனவே எழுதியாகிவிட்டது.

மீதிக்கு ஒரு கோப்பு போடுங்கள்: பொருள்களின் பட்டியலும் அவை எந்த அலமாரியில் என்பதும், அனுமதிக் கடிதத்தின் நகல், ஆண்டில் எந்த மாதம் எதைத் தொடங்க வேண்டும் என்ற அட்டவணை, சென்ற ஆண்டு தவறாகப் போனவை. மின்னஞ்சலும் மற்றக் கணக்குகளும் மாணவர் பெயரில் இருந்தால் இப்போதே மன்றத்தின் பெயருக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் பொறுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள். பள்ளியை விட்டுப் போனவரின் கைப்பேசிக்கு வரும் குறியீட்டுக்காகப் புதியவர்கள் காத்திருக்கக் கூடாது.